சுருள் ஜங்கஸ்: வேருக்குத் தண்ணீர், தூருக்கு வெளிச்சம்

தண்ணீர்த் தொட்டியில் வைக்கலாம் என்று வாங்கிய செடி கம்பிச் சுருளைப் போல முறுக்கிக்கொண்டு நிற்கிறது, பெயர்ச்சீட்டில் ‘ஜங்கஸ் எஃப்யூசஸ் ஸ்பைராலிஸ்’ என்று இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இது கோரைதானா? நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் நுனி ஏன் காய்கிறது? விதை எடுத்து முளைக்க வைத்தால் அதுவும் சுருளுமா? இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருப்பதால், செடி யார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

இது கோரை அல்ல. நீர்நிலையோரத்துச் செடிகளில் நமக்குப் பழக்கமானவை கோரை, சம்பு, நாணல். ஜங்கஸ் இந்த மூன்றிலும் சேராது. ஜங்கேசி என்ற தனிக் குடும்பத்தின் தலைச்செடி அது. ஒரு தண்டைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள். கோரையாக இருந்தால் பெரும்பாலும் மூன்று பட்டை தட்டுப்படும். புல்லாக இருந்தால் இடையிடையே கணு தட்டும். உங்கள் செடியில் இரண்டும் இருக்காது. அடி முதல் நுனி வரை வழுவழுவென்ற உருளைதான். கோரைக் குடும்பத்திலும் உருண்டைத் தண்டுடையவை சில இருக்கின்றன. சந்தேகம் தீரவில்லை என்றால் பூ விடும் வரை பொறுத்திருந்து உருப்பெருக்கியில் பாருங்கள். ஜங்கஸ் பூவுக்கு ஆறு சிறிய இதழ்கள் இருக்கும். மங்கிய பழுப்பு நிறத்தில், லில்லிப் பூவை எறும்புக்கு ஏற்ற அளவில் செய்ததைப் போல இருக்கும். கோரைப் பூவில் செதில்கள்தாம் தெரியும்.

ஜங்கஸ் எஃப்யூசஸ் என்ற பெயரைப் பதிவு செய்தவர் தாவரவியலாளர் லின்னேயஸ், ஆண்டு 1753. ‘ஜங்கஸ்’ என்பது ‘கட்டு’, ‘இணை’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கட்டவும் முடையவும் பயன்பட்ட செடி என்பதால் வந்த பெயர். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என எங்கெல்லாம் ஈரமான, சற்றே புளிப்பான (அமிலத்தன்மை உள்ள) மண் இருக்கிறதோ அங்கெல்லாம் இதன் வகைகளைப் பார்க்கலாம். சாதாரண வகை நேராக ஒரு மீட்டருக்கு மேல் வளரும். உங்களிடம் இருப்பது அதே இனத்தின் சுருள் வடிவம். முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் விரிவதால் பெரும்பாலும் அரை மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும்.

இனி, வளர்ப்பவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். இந்தச் செடிக்கு இலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தூரின் அடியில் செம்பழுப்பாகத் தண்டைச் சுற்றியிருக்கும் உறைகள்தாம் இலையின் மிச்சம். பச்சையாக நிற்பவை எல்லாம் தண்டுகள். சூரிய ஒளியில் உணவு சமைக்கும் வேலையை அவைதான் செய்கின்றன. பூங்கொத்து தண்டின் பக்கத்திலிருந்து பிதுங்கி வருவதைப் போலத் தெரியும். உண்மையில் தண்டு அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே நீள்வது பூவைத் தாங்கும் ஒரு செதில், தண்டு வேடம் போட்டு நிற்கிறது.

ஒரு பழைய தண்டை அடியில் வெட்டி, நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பச்சைத் தோலுக்குள் நெட்டியைப் போல வெள்ளைவெளேரென்று சோறு இருக்கும். கைப்பக்குவம் வந்துவிட்டால் அதை அறுபடாமல் நூல்போல உருவி எடுக்கலாம். விரலில் வைத்தால் எடையே தெரியாது; அமுக்கினால் பஞ்சாக அடங்கி, விட்டவுடன் மெல்ல எழும்பும். உருப்பெருக்கியில் பார்த்தால் அது ஏன் என்று விளங்கும். நட்சத்திர வடிவச் செல்கள் கைகோத்து நிற்கின்றன, நடுவில் முழுக்கக் காற்று. சீனாவிலும் ஜப்பானிலும் இந்தச் சோற்றை எண்ணெய் விளக்குக்குத் திரியாகப் போட்டார்கள். இங்கிலாந்தின் கிராமங்களில் தோலை உரித்து, தாங்குவதற்கு மட்டும் ஒரு கீற்றுத் தோலை விட்டுவைத்து, கொழுப்பில் தோய்த்து எரித்தார்கள். கில்பர்ட் வைட் என்ற இயற்கையியலாளர் 1789-இல் வெளியிட்ட நூலில் நேரத்தைக் கணக்கிட்டே எழுதியிருக்கிறார்: சுமார் 72 செ.மீ. நீளமுள்ள ஒரு தண்டு 57 நிமிடம் எரிந்தது.

விளக்குத் திரிக்காக அந்தச் சோறு படைக்கப்படவில்லை. அது செடியின் மூச்சுக்குழல். சேற்றில் காற்று கிடையாது. சாதாரணச் செடியின் வேர் அங்கே மூச்சுமுட்டி அழுகிவிடும். ஜங்கஸ் மேலே இருக்கும் தண்டுகளின் வழியாகக் காற்றை இறக்கி வேரைக் காப்பாற்றிக்கொள்கிறது. கழிவுநீரைச் சுத்தப்படுத்த அமைக்கும் செயற்கைச் சதுப்புகளில் இதை நடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வேரைச் சுற்றிக் கசியும் அந்தக் காற்றில் நுண்ணுயிர்கள் பிழைத்துத் தம் வேலையைச் செய்கின்றன.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் நான் பறிகொடுத்த முதல் செடி. நுனிகள் காய்ந்து அசிங்கமாக இருக்கின்றனவே என்று, புல்தரையை வெட்டுவதைப் போலத் தூர் முழுவதையும் நாலு விரல் உயரத்துக்கு மட்டமாக வெட்டினேன். கையோடு தொட்டியில் தண்ணீரையும் நிரப்பினேன். வெட்டிய முனைகள் எல்லாம் நீருக்குள் மூழ்கிவிட்டன. நீரில் வாழும் செடிதானே என்பது என் நினைப்பு. சில வாரங்களில் தொட்டியிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்தது. தூரைத் தொட்டேன், சேற்றோடு சேறாகக் கையில் வந்துவிட்டது. மூச்சுக்குழல்கள் அத்தனையையும் ஒரே நாளில் அறுத்து, அவற்றின் வாயில் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. இந்தச் செடியை நீங்கள் மொட்டை அடிக்க வேண்டாம். என்றாவது கட்டாயம் அடிக்க வேண்டி வந்தால், புதுத் தளிர் ஒரு சாண் எழும்பும் வரை நீர்மட்டம் வெட்டுவாய்க்குக் கீழேயே இருக்கட்டும்.

இப்போது நுனி காய்வதற்கு வருவோம். ஒவ்வொரு தண்டுக்கும் ஓர் ஆயுள் உண்டு. மண்ணுக்கடியில் படுத்தவாறு ஓடும் மட்டநிலத்தண்டிலிருந்து அது முளைத்து, வளர்ந்து, பூத்து, பிறகு நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பழுக்கிறது. ஆகவே ஒரு குத்தில் எந்நேரமும் சில தண்டுகள் காய்ந்துகொண்டுதான் இருக்கும்; அது நோய் அல்ல. காய்ந்த நுனியை மட்டும் நறுக்கினால் தண்டு மறுபடி கூராகாது. வெட்டிய இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பாதிக்கு மேல் பழுத்த தண்டை அடியோடு எடுத்துவிடுவதே முறை. கத்தரியின் முனையைத் தூருக்குள் செலுத்தி, ஒரு நேரத்தில் ஒரு தண்டாக வெட்டுங்கள். சுருள் வகையில் தண்டுகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருக்கும். இழுத்தால் பச்சைத் தண்டும் சேர்ந்து முறியும், எனவே வெட்டியதைச் சுருளின் போக்கிலேயே சுற்றிச் சுற்றி வெளியே எடுங்கள். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் அரை மணி நேரத்தில் செடியின் முகமே மாறிவிடும்.

இதில் அழகு மட்டும் அல்ல, வேறொரு பயனும் இருக்கிறது. தூரின் அடிக்கு வெளிச்சம் போனால்தான் புதுத் தளிர் தாராளமாக முளைக்கும். இதை நெடுங்காலமாக அறிந்து பயிர் செய்பவர்கள் ஜப்பானின் குமாமோட்டோ பகுதி விவசாயிகள். தட்டாமி எனப்படும் தரைப்பாயின் மேல்பரப்பை முடைவதற்காக, இதே இனத்தைச் சேர்ந்த நேர்த்தண்டு வகையை இகுசா என்ற பெயரில் வயலில் நடுகிறார்கள். நவம்பர், டிசம்பர் மாதக் குளிரில், நீர் கட்டிய வயலில் நாற்றுத் தூர்களை நட்டுவிடுகிறார்கள். மே மாதத்தில் எல்லாத் தண்டுகளின் நுனியையும் சுமார் 45 செ.மீ. உயரத்தில் வெட்டுகிறார்கள். அறுவடைக்காக அல்ல, அடிக்கு வெயில் இறங்குவதற்காக. அதன் பிறகு முளைக்கும் தளிர்கள்தாம் ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் நீண்டு மெலிந்த தண்டுகளாக அறுவடைக்கு வருகின்றன. அறுத்ததைச் சேற்றுக் குழம்பில் தோய்த்து உலர்த்துகிறார்கள். நிறமும் மணமும் நிலைப்பது அதனால்தான். ஒரு பாய்க்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தண்டுகள் தேவை. நம் தொட்டிக்கு நுனிவெட்டு வேண்டாம், ஏனென்றால் வெட்டுப்பட்ட தண்டைத்தான் நாம் தினமும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம். முதிர்ந்தவற்றைக் களைந்தால் அதே வெளிச்சம் உள்ளே போய்விடும்.

பழைய தண்டு காய்வது இயல்பு என்றேன். இளம் தண்டின் நுனியும் காய்ந்தால் ஏதோ கோளாறு இருக்கிறது. அப்போது நான் முதலில் பார்ப்பது மண் ஒருமுறையாவது காய்ந்ததா என்பதைத்தான். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன் என்கிறீர்கள். ஆனால் தொட்டியின் அடியில் துளை இருந்தால் ஊற்றியது ஓடிவிடும்; வெயில் நாளில் மாலைக்குள் மேல்மண் உலர்ந்து, இரவெல்லாம் வேர் தவித்திருக்கும். இந்தச் செடிக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் போதாது, எந்நேரமும் தண்ணீர் வேண்டும். உங்கள் விஷயத்தில் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது நீரின் குணம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டியிருந்தால் நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம் என்று பொருள். ஜங்கஸ் எஃப்யூசஸ் புளிப்பு மண்ணை விரும்பும் செடி. கார நீரில் வெளிறி, நுனி கருகும். மழைநீர் கிடைத்தால் அதையே கொடுங்கள். கிடைக்காவிட்டால் அவ்வப்போது தொட்டி நீர் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். ஆவியாகிக் குறைந்ததற்கு மட்டும் ஈடு ஊற்றிக்கொண்டே போனால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். வீட்டுக்குள் வைத்திருந்தால் குளிரூட்டியின் காற்று நேராகப் படாத இடம் பாருங்கள். வறண்ட காற்றில் செஞ்சிலந்திப் பூச்சியும் வந்து சேரும். தண்டில் தூசு படிந்ததைப் போல நுண்ணிய வெளிர்புள்ளிகள் தெரிந்தால் அதுதான். வெளியே கொண்டுபோய் நீரைப் பீய்ச்சிக் கழுவி, சில நாள் இடைவெளியில் மறுபடி கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மண்ணைப் பொறுத்தவரை பலர் கைவசம் இருக்கும் நார்த்தூள் கலவையிலேயே நட்டுவிடுகிறார்கள். அது நீரில் மிதக்கும், மக்கி நாற்றமெடுக்கும். களிமண் கலந்த சாதாரணத் தோட்ட மண்தான் இதற்குச் சிறந்தது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் குத்தினால் உடைய வேண்டும். அந்தப் பதம் போதும். தொழுவுரமோ மட்கோ கலக்காதீர்கள், நீர் பச்சைப் பாசியாகிவிடும். நட்ட பிறகு மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சிறு கூழாங்கல் பரப்பினால் மண் கலங்காது. ஆனால் கல் தூரின் கழுத்தை மூடக் கூடாது.

நீர்மட்டம் மண்ணுக்குச் சமமாக இருந்தாலே போதும். நன்றாகத் தூர் கட்டிய செடி மண்ணுக்கு மேல் ஐந்து, எட்டு செ.மீ. நீரையும் தாங்கும். பத்துக்கு மேல் போகாதீர்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு, துளையுள்ள தொட்டியில் செடியை நட்டு, அதைத் துளையில்லாத பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, உள்தொட்டியின் முக்கால் உயரத்துக்கு நீர் நிற்கும்படி வைப்பது. மண் எப்போதும் ஈரமாக இருக்கும், கழுத்து காற்றில் இருக்கும், பாத்திரத்தைக் கழுவுவதும் சுலபம். தேங்கிய நீர் என்றால் கொசு வரும்; இதை அலட்சியம் செய்யக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறையாவது நீரை முழுவதும் மாற்றிப் பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சில வகைக் கொசுக்களின் முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும். பெரிய தொட்டியாக இருந்தால் மீன் விடுங்கள். இரண்டும் முடியாதென்றால் பாத்திரத்தில் மண்மட்டம் வரை கூழாங்கல்லைக் கொட்டி, நீர் கல்லுக்குக் கீழேயே நிற்கும்படி வையுங்கள்.

வெளிச்சம் நாளுக்கு நாலைந்து மணி நேரமாவது நேர்வெயிலாக இருக்கட்டும். நிழலில் செடி சாகாது. ஆனால் தண்டுகள் வெளிறி, வலுவிழந்து, சரிந்து கிடக்கும். அதே சமயம் இது இயல்பில் குளிர்நாட்டுப் பழக்கம் உள்ள செடி. உறைபனியைத் தாங்கும், கொதிக்கும் பிற்பகலைத்தான் தாங்காது. வெயில் கடுமையான இடத்தில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் மூலையைத் தேடுங்கள். கறுப்புத் தொட்டியைத் தவிருங்கள், உள்ளே இருக்கும் நீர் சூடேறி வேரைச் சுடும்.

உரம் அதிகம் தேவையில்லை. புதுத் தளிர் கிளம்பும் பருவத்தில், மெதுவாகக் கரையும் உர வில்லை ஒன்றை மண்ணுக்குள் விரல் ஆழத்துக்கு அழுத்திவிட்டால் அந்தப் பருவத்துக்கு அது போதும். நீரில் கரைத்து ஊற்றினால் பாசிக்குத்தான் விருந்து.

இரண்டு, மூன்று ஆண்டுகளில் தூர் தொட்டியை நிறைத்துக்கொண்டு, நடுவில் காய்ந்து வெறுமையாகி, ஓரத்தில் மட்டும் பச்சை கட்டும். அது தூர் பிரிக்கும் நேரம். தளிர் கிளம்பத் தொடங்கும்போது செய்வது நல்லது. செடியைக் கவிழ்த்து எடுத்தால் வேர் தொட்டியின் வடிவத்திலேயே இறுகியிருக்கும். கையால் பிரிக்க வராது. பல் வைத்த ரொட்டிக் கத்தியால் மேலிருந்து கீழாக அறுங்கள். ஓர வட்டத்திலிருந்து, குறைந்தது ஏழெட்டுத் தண்டும் வெள்ளையாகக் கூர்ந்து நிற்கும் சில முளைகளும் உள்ள துண்டுகளாக எடுத்துக்கொண்டு, நடுப்பகுதியை எறிந்துவிடலாம். ஒற்றைத் தண்டாகப் பிரித்தால் பிழைப்பது அரிது. பழைய ஆழத்திலேயே நட்டு, முதல் சில வாரங்கள் மண் சேறாக இருக்கும் அளவுக்கு மட்டும் நீர் விடுங்கள்.

விதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுருள் வகையின் விதையிலிருந்து சுருள் நாற்றுகள் கிடைக்கும், நேரானவையும் அரைகுறையாக வளைந்தவையும் கலந்தே வரும். முளைக்க வைத்துப் பார்க்க ஆசை இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: விதை அரை மில்லிமீட்டர்தான், முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணால் மூடக் கூடாது. ஈர மண்ணின்மேல் தூவி, கண்ணாடியால் மூடி, வெளிச்சத்தில் வைத்தால் பச்சை ரோமம் போல முளைக்கும். ஒரு விரல் உயரத்துக்கு வந்ததும் வளைபவற்றை மட்டும் பிரித்து நடுங்கள். உங்கள் செடியைப் போலவே அச்சாக இன்னொன்று வேண்டுமென்றால் தூர் பிரிப்பதுதான் வழி.

தொட்டியில் தானாக விழுந்து முளைக்கும் நேர் நாற்றுகளை உடனே பிடுங்கிவிடுங்கள். அவை உயரமாக வளர்ந்து சுருளுக்கு நிழல் போடும். சில ஆண்டுகளில் ‘என் செடி சுருள்வதை நிறுத்திவிட்டது’ என்பார்கள், பெரும்பாலும் பழைய செடி நாற்றுகளுக்கு இடம் கொடுத்துவிட்டு மறைந்திருக்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நன்கு வளர்ந்த ஒரு தூர் ஓராண்டில் லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும். விதை நனைந்ததும் மேல்தோல் வழவழப்பாகிப் பறவையின் காலிலும் செருப்பின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் புதைந்தால் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். கால்நடைகள் இதை விரும்பி மேய்வதில்லை என்பதால், பிரிட்டனிலும் நார்வேயிலும் ஈர மேய்ச்சல் நிலங்களில் இது பெரிய களை. ஆகவே இது இயற்கையாக வளராத இடத்தில் ஓடையிலோ ஏரிக்கரையிலோ குளத்திலோ கொண்டுபோய் நடாதீர்கள். பிரித்து மிஞ்சிய தூரைச் சாக்கடையில் போடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து எறியுங்கள். பூங்கொத்து பழுப்பேறும் முன்பே அந்தத் தண்டை அடியோடு வெட்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது, செடியும் சுத்தமாக இருக்கும்.

கடையில் இதோடு சேர்த்து ஜங்கஸ் இன்ஃபிளெக்சஸ் என்று ஒன்றையும் காட்டுவார்கள். நீலச்சாயல் பச்சை, தண்டில் தெளிவான வரிகள், அடியில் கருமையாக மின்னும் உறை. பிளந்தால் சோறு தொடர்ச்சியாக இருக்காது. ஏணிப்படி போல விட்டுவிட்டு இருக்கும். சுண்ணாம்பு கலந்த நீரை அது இன்னும் நன்றாகத் தாங்கும் என்பதால், உங்கள் நீர் கடினமாக இருந்தால் அடுத்த செடியாக அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது உங்கள் செடிக்கு இவ்வளவு செய்யுங்கள்: தொட்டியின் அடியைப் பாருங்கள், துளை இருந்தால் நீர் நிற்கும் பாத்திரத்துக்குள் இறக்குங்கள். பாதிக்கு மேல் பழுத்த தண்டுகளை அடியோடு வெட்டியெடுங்கள், ஆனால் ஒரே தடவையில் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தூரை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். அடியில் ஊசிமுனையாக வெள்ளை முளைகள் தெரிந்தால் செடி நலமாக இருக்கிறது. மூன்று, நான்கு வாரங்களில் அவை பச்சையாகி மேலே வந்து முதல் வளைவை எடுக்கும்.